எட்டாவது பாட்டு

பெங்களூரு அல்சூரில் ஒரு இரண்டாம் மாடி வீடு. ஜன்னல்களில் கம்பளி தொங்குகிறது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாடகை கொடுக்க வழியில்லாதவர்களின் ஒலிப்பதிவுக் கூடம் இப்படித்தான் இருக்கும். கயலின் முதல் ஆல்பத்தில் ஏழு பாட்டுகள் முடிந்துவிட்டன. எட்டாவதற்காகச் சிவகங்கைப் பக்கத்திலிருந்து அப்பத்தாவை வரவழைத்திருக்கிறாள்.

கயல்: ஒப்பாரி பாடு, அப்பத்தா. மைக் தயார்.

அப்பத்தா: யார் செத்தது?

கயல்: யாரும் சாகவில்லை. ஆல்பத்துக்காக.

அப்பத்தா: விளக்கு வைக்கிற நேரத்தில், சாவு விழாத வீட்டில் ஒப்பாரியா? தாலாட்டுப் பாடுகிறேன், எடுத்துக்கொள்.

கயல்: தாலாட்டுக்கு மட்டும் வீட்டில் குழந்தை இருக்கிறதா?

அப்பத்தா: அதைத்தான் நானும் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கயல்: (அவசரமாக) இதே ஊரில் இருக்கும் பாடகர் ரகு தீட்சித் 2008இல் முதல் ஆல்பம் கொண்டுவந்தார். சிசுநாள ஷரீப் என்ற பழைய கன்னடக் கவியின் பாட்டுகளைக் கிதாரோடு பாடினார்.

அப்பத்தா: ஷரீப் பங்கு கேட்டாரா?

கயல்: அவர் 1889இலேயே காலமாகிவிட்டார்.

அப்பத்தா: வசதிதான். நான் உயிரோடு இருக்கிறேன். எனக்கு எவ்வளவு?

கயல்: பாட்டு ஊர்ப்பொது. ஆனால் பாடியவருக்குச் சட்டப்படி 50 வருடம் உரிமை உண்டு.

அப்பத்தா: எனக்கு 82. அப்படியானால் 132 வரைக்கும் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும். சரி, அந்தக் காது மூடியை மாட்டிவிடு. ... இது என்ன உள்ளே டிக் டிக்?

கயல்: தாளம் தப்பாமல் இருக்க.

அப்பத்தா: அழுகிறவளுக்குக் கடிகாரம் எதற்கு? மூக்கைச் சிந்துகிற நேரத்தை யார் கணக்கில் சேர்ப்பது?

கயல்: சரி, கழற்றிவிடு. ஒன்று மட்டும் மனத்தில் வை. ஸ்பாட்டிஃபையில் 30 நொடியாவது கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. எடுத்தவுடன் ஆளைப் பிடித்து இழுக்க வேண்டும்.

அப்பத்தா: 30 நொடியில் முந்தானையை உதறி உட்காரக்கூட முடியாது. உன் தாத்தாவுக்குக் கோழி கூவும்வரை பாடினேன். நடுவில் இரண்டு தடவை காப்பி.

கயல்: அவரை நினைத்தே பாடேன்.

அப்பத்தா: 'தங்க ராசா' என்று அப்போதே பாடிவிட்டேன். சீட்டாட்டத்தில் என் தோட்டை வைத்துத் தோற்ற ராசா! அந்தப் பொய்யை ஒரு தடவை சொன்னது போதும். (யோசித்து) கம்ப்யூட்டர் வேலையை விட்டாயே, எத்தனை மாதம் ஆகிறது?

கயல்: ஐந்து. எதற்குக் கேட்கிறாய்?

அப்பத்தா பதில் சொல்லவில்லை. முந்தானையை உதறினாள், மாரில் கைவைத்தாள்.

ஒன்றாம் தேதி ஆனால் ஓடிவரும் சம்பளமே,
கன்றிழந்த பசுவானேன், காணாமல் போனாயே!
குளிரூட்டும் அறையினிலே கொலுவிருந்த என் பேத்தி
கிதாரை மடியில்வைத்துக் கிளம்பிவந்து விட்டாளே!

இப்படி ஆரம்பித்தது, நாற்பது நிமிடம் நிற்கவில்லை. வருங்கால வைப்பு நிதி வந்தது, தீபாவளி போனஸ் வந்தது, அலுவலகத்தில் இலவசமாகக் கிடைத்த மதியச் சாப்பாடு தனி அடியாக வந்தது. கயலுக்கே கண் கலங்கிவிட்டது. பாட்டினாலா, போனஸினாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

அழைப்பு மணி அடித்தது.

கயல்: (கதவைத் திறந்து பார்த்துவிட்டு) அப்பத்தா, கீழ்வீட்டு அம்மா மாலையோடு நிற்கிறார். யார் தவறிப்போனது என்று கேட்கிறார்.

அப்பத்தா: யாருமில்லை என்று சொல். மாலையைத் திருப்பிக் கொடுத்துவிடாதே, வெளியீட்டு விழாவுக்கு ஆகும்.