நாடா தீர்ந்துபோன இடம்

எனக்கு முதன்முதலில் கிடைத்த, பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழுவின் ஆல்பத்துக்கு முடிவே கிடையாது. 1991ல் கல்லூரி விடுதியில் பக்கத்து அறை அண்ணன் ஒருவர் 60 நிமிடக் கேசட்டில் பதிவு செய்து கொடுத்தது அது. ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆல்பமோ 32 நிமிடத்துக்கும் மேல். மொத்தம் 14 பாட்டு; 13 பாட்டு முழுதாக ஓடும். பதினான்காவது பாட்டின் கிட்டார் தொடங்கும், ஜான் லெனன் தொண்டை கிழிய முதல் வரியைக் கத்துவார், டக்கென்று பிளேயரின் பொத்தான் மேலே எழும்பிவிடும். நாடா தீர்ந்தது. மறு பக்கத்தில் வேறு யாரோ பாடிய வேறு பாட்டுகள்.

ஏழு வருடம் அப்படித்தான் கேட்டேன். அந்த டக் சத்தமும் ஆல்பத்தில் ஒரு பகுதி என்பது போல மனதில் பதிந்துவிட்டது.

ஆல்பத்தின் பெயர் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'. 1963 மார்ச் 22ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பீட்டில்ஸின் முதல் ஆல்பம். போன வாரம் நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, "ஆரம்ப கால பீட்டில்ஸ் எல்லாம் சின்னப் பசங்க பாட்டு. 1966க்கு மேலேதான் அவர்கள் கலைஞர்கள்" என்றார். இப்படிச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிற்கால ஆல்பங்கள் எனக்கும் உயிர்தான். ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாக, மனது சோர்ந்துபோன நாளிலும் நல்ல செய்தி வந்த நாளிலும் என் கை தேடிப் போவது இந்த முதல் ஆல்பத்தைத்தான். அது ஏன் என்று நண்பரிடம் சரியாகச் சொல்ல வரவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த ஆல்பத்தின் 14 பாட்டுகளில் 10 பாட்டுகள் ஒரே நாளில் பதிவானவை. 1963 பிப்ரவரி 11, திங்கட்கிழமை. லண்டன் ஏபி ரோட்டில் இஎம்ஐ நிறுவனத்தின் இரண்டாம் எண் ஸ்டுடியோ. காலை பத்து மணிக்குத் தொடங்கி இரவு பத்தே முக்கால் வரை. குழுவில் நான்கு பேர். லெனனுக்கும் டிரம்ஸ் வாசிக்கும் ரிங்கோ ஸ்டாருக்கும் வயது 22, பால் மெக்கார்ட்னிக்கு 20. ஜார்ஜ் ஹாரிசனுக்கு இருபது வயது முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஹெலன் ஷப்பிரோ என்ற பாடகியின் சுற்றுப்பயணத்தில் கூடப் போய் மேடை மேடையாக வாசித்துக்கொண்டிருந்தவர்கள், நடுவில் கிடைத்த ஒரு நாளில் வந்து இதை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். லெனனுக்குக் கடுமையான சளி. தொண்டைக்கு மாத்திரை சப்பிக்கொண்டு, பாலைக் குடித்துக்கொண்டு பாடினார். மதியம் ஒலிப்பதிவுக்காரர்கள் சாப்பிடப் போன நேரத்திலும் நால்வரும் ஸ்டுடியோவை விட்டு நகராமல் ஒத்திகை பார்த்தார்கள். மொத்தச் செலவு சுமார் 400 பவுண்ட் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

ஒரே நாளில் என்றதும் அவசர வேலை என்று நினைக்கத் தோன்றும். அந்த ஒரு நாளுக்குப் பின்னால் இரண்டரை வருட உழைப்பு இருக்கிறது. ஹாம்பர்க் நகரத்தின் இரவு விடுதிகளில் குடித்துவிட்டுச் சத்தம் போடும் கூட்டத்துக்கு முன்னால், ஒரு ராத்திரிக்குப் பல மணி நேரம், மாதக்கணக்கில் வாசித்தவர்கள் அவர்கள். அப்புறம் லிவர்பூலில் கேவர்ன் என்ற நிலவறை கிளப்பில் கிட்டத்தட்ட 300 தடவை. எந்தப் பாட்டுக்குக் கூட்டம் எழுந்து ஆடும், எங்கே கொஞ்சம் அடங்க வேண்டும், யார் மூச்சு வாங்கும்போது யார் குரல் உள்ளே வர வேண்டும் என்பதெல்லாம் உடம்பில் ஏறியிருந்தது. கேவர்னிலேயே நேரடியாக ஒலிப்பதிவு செய்யலாமா என்று கூட மார்ட்டின் யோசித்தார். 1962 டிசம்பரில் நேரில் போய்ப் பார்த்தார். செங்கல் வளைவுகள் கொண்ட பாதாள அறை, எதிரொலி தாங்காது. சரி, அந்த மேடையையே ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று முடிவானது. அந்த முடிவுக்காக மார்ட்டினை எத்தனை தடவை மனதுக்குள் வாழ்த்தியிருப்பேன் என்று கணக்கில்லை.

பதிவுக் கருவியில் இரண்டே தடங்கள். ஒன்றில் வாத்தியங்கள், இன்னொன்றில் குரல்கள். பெரும்பாலும் நால்வரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசித்துப் பாடினார்கள். ஒருவர் பிசகினால் நால்வரும் மறுபடி முதலிலிருந்து. நான் இதில் கேட்கும் சந்தோஷம் இங்கிருந்துதான் வருகிறது என்று உறுதியாக நம்புகிறேன். நான்கு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒருவர் சொல்வதை இன்னொருவர் பிடித்துக்கொண்டு வாசிக்கும் சத்தம் அது. பிற்காலத்தில் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்துக்கு நான்கு மாதங்களுக்கும் மேல் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஒலிகளை அடுக்கினார்கள். அது பிரமாதமான கட்டடம். ஆனால் அதற்குள் நான்கு பேர் ஒன்றாக மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்பதில்லை.

முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்'. பால் மெக்கார்ட்னி "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணுகிறார். அந்த 'ஃபோர்' ஒரு வெடி. வழக்கமாக இந்த எண்ணிக்கையை வெட்டிவிட்டுத்தான் பாட்டை வெளியிடுவார்கள். இங்கே வெட்டவில்லை. இன்னொரு சேதி கேளுங்கள்: பாட்டு முதல் டேக், அதாவது முதல் முறை பாடிப் பதிவு செய்தது; எண்ணிக்கை மட்டும் ஒன்பதாவது டேக். அந்த ஒன்பதாவது எண்ணிக்கையில் இருந்த துள்ளல் போய்விடக் கூடாது என்று அதை எடுத்து முதல் டேக்கின் தலையில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பாடகன் நான்கு வரை எண்ணுவதில் கூட உயிர் இருக்கிறது என்று கண்டுகொண்ட காது! அப்புறம் அந்த பேஸ் கிட்டார் வாசிப்பு. அமெரிக்க ராக் பாடகர் சக் பெர்ரியின் ஒரு பாட்டிலிருந்து எடுத்தது என்று பால் தானே ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்கிருந்து எடுத்தால் என்ன, அது ஓட ஆரம்பித்ததும் என் கால் தரையில் நிற்பதில்லை.

'பாய்ஸ்' பாட்டில் ரிங்கோ டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடுகிறார். ஒரே டேக். கிட்டார் தனியாக வாசிக்க வேண்டிய இடம் வரும்போது ஜார்ஜ் ஹாரிசனின் பெயரைச் சொல்லி ஒரு சத்தம் கொடுப்பார், "வாடா தம்பி, உன் முறை" என்பது போல. எனக்கு அந்த ஒரு விநாடி போதும். இது அமெரிக்காவில் ஷிரெல்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் குழு பாடிய பாட்டு. பையன்களைப் பற்றிப் பெண்கள் பாடுவது. இவர்கள் அதைப் பற்றிக் கவலையே படாமல் பாடினார்கள். பாட்டு பிடித்திருந்தது, பாடினார்கள், அவ்வளவுதான். 'பேபி இட்ஸ் யூ'வும் ஷிரெல்ஸ் பாடியதுதான். 'அன்னா' அலபாமாவைச் சேர்ந்த ஆர்தர் அலெக்சாண்டர் எழுதிப் பாடியது. 14ல் 6 பாட்டுகள் இப்படி மற்றவர்களுடையவை. கடல் தாண்டி வந்த இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு மயங்கிய பையன்கள், தாங்கள் மயங்கியதை நமக்கும் காட்டுகிறார்கள். ஒரு ரசிகனின் சந்தோஷமும் இந்த ஆல்பத்துக்குள் இருக்கிறது. 'அன்னா'வில் லெனனின் சளி பிடித்த குரல் கரகரத்து உடையும் இடத்தைக் கேட்டுவிட்டு, இது சின்னப் பசங்க பாட்டு என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' எனக்கு இன்று வரை ஒட்டவில்லை. 'செயின்ஸ்' சுமார்தான். ஆனாலும் தாண்டிப் போக மாட்டேன். வரிசையாகத்தான் கேட்பேன்.

நண்பருக்கு நான் போட்டுக் காட்ட நினைப்பது 'தேர்ஸ் எ ப்ளேஸ்'. அன்று காலை முதலில் பதிவு செய்த பாட்டு. மனம் சோர்ந்தால் நான் போகும் ஓர் இடம் உண்டு, அது என் மனதுக்குள்தான் இருக்கிறது என்கிற பாட்டு. 1963 பிப்ரவரியில், பாப் பாட்டு என்றால் பெண்ணைப் பார்த்து உருகுவது மட்டும்தான் என்றிருந்த காலத்தில், இரண்டு இளைஞர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். ஜானும் பாலும் சேர்ந்து பாடும்போது எது யார் குரல் என்று பிரிக்க முடியாது. நண்பர் தேடும் அந்தக் 'கலைஞர்கள்' இங்கேயே வந்துவிட்டார்கள். இரண்டு நிமிடத்துக்கும் குறைவான பாட்டு என்பதால் பலர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள்.

பிழைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1987ல் வந்த சிடி மோனோ. 2009ல் ஸ்டீரியோவில் வெளியிட்டார்கள். அதில் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டின் கடைசிச் சரணத்தில் ஜான் வரியை மாற்றிப் பாடிவிடுகிறார். பால் ஒன்று பாட, ஜான் வேறொன்று பாட, அடுத்த வரியில் ஜான் சிரிப்பை அடக்கிக்கொண்டே பாடுவது தெளிவாகக் கேட்கும். மோனோவில் இந்தப் பிசகு கிடையாது. பதினெட்டு வருடம் பழகிய பாட்டுக்குள் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்ததை அன்றுதான் கண்டேன். இரவு நேரம், ஹெட்ஃபோன் மாட்டியிருந்தேன். பழைய சிநேகிதன் தெருமுனையில் நின்று கையசைத்தது போல இருந்தது.

வெளிவந்த சில வாரங்களில் இந்த ஆல்பம் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போய், முப்பது வாரம் அங்கேயே இருந்தது. அதைக் கீழே இறக்கியது அவர்களுடைய இரண்டாவது ஆல்பம்தான்.

சரி, அந்தப் பதினான்காவது பாட்டு.

1998ல் வேலையில் சேர்ந்து கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் சிடி வாங்கினேன். வாடகை அறையில் தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து போட்டேன். 13 பாட்டும் தெரிந்த பாட்டு. 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' தொடங்கியது. அதை ஏன் கடைசியாகப் பதிவு செய்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதைப் பாடினால் லெனனின் தொண்டை போய்விடும், அதன் பிறகு வேறு எதுவும் பாட முடியாது என்று மார்ட்டினுக்குத் தெரிந்திருந்தது. அதனால் இரவு பத்து மணி தாண்டும்வரை காத்திருந்தார். பன்னிரண்டு மணி நேரம் பாடிய, சளி கட்டிய தொண்டையோடு லெனன் அதை ஒரே மூச்சில் பாடினார். இன்னொரு டேக் முயன்றார்கள். குரல் இல்லை. முதல் டேக்தான் ஆல்பத்தில் இருப்பது. அதற்குப் பிறகு வெகு நாள் எச்சில் விழுங்கினால்கூட உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போல் இருந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். அடுத்த நாளே மறுபடி மேடைக்குப் போனார்கள்.

இது எதுவும் தெரியாமல்தான் அன்று கேட்டேன். நடுவில் ஜான், பால், ஜார்ஜ் மூன்று பேரும் படிப்படியாகக் குரலை ஏற்றிக்கொண்டே போகும் அந்த 'ஆ...' வந்தது. மேலே மேலே போய் அலறலாக வெடித்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். பாட்டு முடிந்த கணத்தில் பாலின் குரலில் ஒரு 'ஹேய்' கேட்டது. முடித்துவிட்டோம் என்கிற, களைத்துப்போன, வெற்றிக் களிப்பான ஒரு 'ஹேய்'. ஏழு வருடம் எனக்குக் கிடைக்காமல் போன சத்தம். உடனே அந்த ஒரு பாட்டை மட்டும் திரும்பத் திரும்ப எத்தனை தடவை போட்டேனோ, நினைவில்லை. பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். அவரையும் உட்கார வைத்துக் கேட்க வைத்தேன்.

இப்போதெல்லாம் போனில்தான் கேட்கிறேன். கேசட் பிளேயர் போய்ப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் லெனன் அந்த முதல் வரியைக் கத்தி முடித்ததும் என் காது ஒரு கணம் அந்த டக் சத்தத்துக்காகக் காத்திருக்கிறது. அது வருவதில்லை. பாட்டு போய்க்கொண்டே இருக்கிறது.