கன்னியாவின் சூட்டை வைத்து கரண்ட் கணக்குப் போடவேண்டாம்

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியாக் கிணறுகளில் வெந்நீர் வருகிறது, அப்படியென்றால் அடியில் எரிமலை, தோண்டினால் திருகோணமலை முழுவதற்கும் கரண்ட் என்று ஒரு பேச்சு அடிக்கடி சுற்றுகிறது. இதில் வெந்நீர் மட்டும்தான் உண்மை. இலங்கையில் உயிருள்ள எரிமலை கிடையாது. மழைநீர் பழம்பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆழத்துக்கு இறங்கி, சூடாகித் திரும்புகிறது. கீழே போகப்போகக் கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை வரை சூடு கூடுவது வழமை. கன்னியாத் தண்ணீர் 40 பாகையை ஒட்டியே இருக்கிறது. அதற்கு எரிமலை தேவையில்லை.

எரிமலைப் பகுதியிலும் நிலத்துக்கு மேலே கண்டதை அப்படியே நம்பக்கூடாது. கொதிக்கும் சேறு, கந்தக நாற்றம், வெளுத்துக் களியாகிப்போன பாறை எல்லாம் கண்டால் அங்கேயே துளையிடத் தோன்றும். அந்தச் சேற்றுக் குழியில் கிடப்பதோ பெரும்பாலும் மேல்மட்டத் தண்ணீர். கீழிருந்து ஏறும் நீராவியும் ஐதரசன் சல்பைட்டும் அதைக் கொதிக்கவைத்து அமிலமாக்குகின்றன. அதில் சல்பேற்று அதிகம், குளோரைட்டு மிகக் குறைவு. அந்த அமிலம் அக்கம்பக்கத்துப் பாறையைக் கரைப்பதால் தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை (மணலில் உள்ள கனிமம்) வைத்து ஆழத்துச் சூட்டைக் கணிக்கும் கணக்கும் பிழையாகிவிடும். தேடவேண்டியது ஆழத்து நீரே வெளிவரும், குளோரைட்டு நிறைந்த, அமிலமில்லாத ஊற்று. அதன் வாயில் வெள்ளைச் சிலிக்காப் படிவு கட்டியிருந்தால் கீழே 180 பாகைக்கு மேல் எதிர்பார்க்கலாம். சுண்ணாம்புப் படிவு அந்த நம்பிக்கையைத் தராது. இன்னொரு பொறி: செங்குத்தான எரிமலைகளில் இந்தத் தண்ணீர் பக்கவாட்டில் பல கிலோமீற்றர் ஓடி அடிவாரத்தில் வெளிப்படும். ஊற்றடியில் துளையிட்டால் கொஞ்ச ஆழம் வரை சூடு ஏறி, பிறகு இறங்கத் தொடங்கும்.

பகுப்பாய்வுக்கு ஊற்றுநீர் மாதிரி எடுக்கும்போதே பாதி வேலை கெட்டுப்போகிறது. வெப்பநிலையும், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச்சும் ஊற்றடியிலேயே பார்க்கவேண்டும்; போத்தலில் காபனீரொட்சைட்டு பறந்தால் பிஎச் மாறிவிடும். பிளாஸ்டிக் போத்தல்தான் வேண்டும், கண்ணாடியிலிருந்து சிலிக்காவும் போரனும் கரையும். 0.45 மைக்ரோன் வடியில் வடித்து, ஒரு போத்தலுக்கு நைத்திரிக் அமிலம் சில துளி விடுங்கள். கொதிநீரானால் சிலிக்காவுக்கென்று இன்னொன்றைத் தூய நீர் விட்டுப் பத்து மடங்கு ஐதாக்கவேண்டும். இல்லையென்றால் ஆறும்போது சிலிக்கா திரண்டு அளவு குறைத்துக் காட்டும்.

லீற்றருக்கு 60 மில்லிகிராம் சிலிக்கா என்று வைப்போம். குவாட்ஸ், சால்சிடனி இரண்டும் சிலிக்காவின் வடிவங்கள்; எதிலிருந்து அது கரைந்தது என்று எடுக்கிறோமோ அதற்கேற்ப ஆழத்துச் சூடு மாறும். குவாட்ஸ் சமன்பாடு 110 பாகை சொல்லும், சால்சிடனி சமன்பாடு 81 சொல்லும். சூடு குறைந்த நீருக்குப் பொதுவாக இரண்டாவதே பொருந்தும். பெரிய இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களை நம்பவேண்டாம். மக்னீசியம் கூடியிருந்தால் குளிர்நீர் கலந்திருக்கிறது. கன்னியாவின் ஏழு கிணறும் ஆழமில்லாத திறந்த கிணறுகள். மாரியில் அள்ளினால் மழையைத்தான் அளப்பீர்கள். ஆவணியில், ஆட்கள் வாளி போடமுன் விடியற்காலையில், அடியிலிருந்து எடுக்கவேண்டும்.

அலாஸ்காவின் சேனா வெந்நீரூற்றில் 2006 முதல் 74 பாகைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே குளிர்விக்கக் கிடைக்கும் தண்ணீர் ஏறக்குறைய 4 பாகை. நமக்குக் கிடைப்பது 28 பாகை. மின்சாரம் வருவது இந்த வித்தியாசத்திலிருந்துதான். ஆகவே பணம் இருந்தால் முதலில் நீர்ப் பகுப்பாய்வுக்குச் செலவழியுங்கள். அதே வெடிப்பில் ஒரு குழாய்க்கிணறு இறங்கினால், இறந்தவர்களுக்கான அந்தியேட்டிச் சடங்குக்கு ஆட்கள் வரும் இந்தக் கிணறுகளின் நீர்மட்டமே இறங்கலாம்.