சோங்சிங் உலகின் மிகப்பெரிய நகரமா?

'3.2 கோடி மக்கள் வாழும் சீனாவின் சோங்சிங்தான் உலகின் மிகப்பெரிய நகரம்' என்று ஒரு செய்தி சுற்றுகிறது. எண் சரி, 2020 கணக்கெடுப்பில் வந்ததுதான். 'நகரம்' என்ற சொல்தான் தவறு.

சோங்சிங்கின் பரப்பு சுமார் 82,400 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஆஸ்திரியா அளவு. 1997 வரை அது சிச்சுவான் மாகாணத்துக்குள் இருந்தது. அந்த ஆண்டு வான்சியான், ஃபூலிங், சியான்ஜியாங் பகுதிகளையும் சேர்த்து, நேரடியாக மத்திய அரசின் கீழ் வரும் மாநகராட்சியாகப் பிரித்தார்கள். மூன்று பள்ளத்தாக்கு அணையால் இடம்பெயர்ந்தவர்களின் மறுகுடியேற்றத்தை ஒரே நிர்வாகத்தில் வைப்பது ஒரு முக்கியக் காரணம். பெயர்தான் மாநகராட்சி, 2020இல் உள்ளே 26 மாவட்டங்களும் 12 கவுண்டிகளும் (மாவட்டத்துக்கு இணையான, பெரும்பாலும் கிராமப்புற நிர்வாகப் பிரிவுகள்) இருந்தன. மலை, வயல், கிராமம் எல்லாம் அதில் அடக்கம். 2020இல் பத்தில் மூன்று பேர் கிராமவாசிகள்.

குழப்பத்துக்கு வேர் 'ஷி' என்ற சீனச் சொல். நகரத்துக்கும் நிர்வாக அலகுக்கும் அது ஒன்றே.

எளிய சோதனை, அடர்த்தி. சோங்சிங்கில் சதுர கிலோமீட்டருக்கு சுமார் 390 பேர். ஷாங்காயில் சுமார் 3,900. நாம் நகரம் என்று சொல்லக்கூடிய மைய ஒன்பது மாவட்டங்களில் 2020இல் வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 1.03 கோடி.