பூட்டிய வீட்டை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடி அலைந்த நாட்களில் ஒரு கணக்கெடுப்பு வேலைக்குப் போனேன். வெளியூர்க் கல்வி நிறுவனம் ஒன்று நடத்திய ஆய்வு, பெயர் வேண்டாம். தலைப்பு பன்னாட்டு இடப்பெயர்வு. எங்கள் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் நாலு ஊர் எனக்கு விழுந்தது. ஒரு கேள்வித்தாளுக்கு இவ்வளவு என்று கூலி, பஸ் காசும் சாப்பாடும் நம் கைக்காசு.

முதல் நாள் முதல் வீட்டிலேயே அடி. கேள்வித்தாளில் அச்சடித்திருந்தபடி, "இந்தக் குடும்பத்தில் புலம்பெயர்ந்தோர் யாரேனும் உளரா?" என்று கேட்டேன். திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்த ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த மாதிரி ஆளுங்க யாரும் இந்த ஊர்ல இல்ல கண்ணு."

அவருக்கு ரெண்டு பையன்கள். ரெண்டு பேரும் குடும்பத்தோடு பெங்களூரில் இருந்தார்கள். ஒருத்தர் கம்பி கட்டுகிறார், இன்னொருத்தர் சென்ட்ரிங். மருமகள்கள் சித்தாள் வேலை. அதற்கு எங்கள் பக்கம் பெயர் 'பொழப்புக்குப் போறது'. புலம் என்ன, பெயர்வு என்ன! அடுத்த வீட்டிலிருந்து நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: "யாராச்சும் வெளிய பொழப்புக்குப் போயிருக்காங்களா?" பதில் மடை திறந்த மாதிரி வந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் பூட்டு.

அந்த ஒரே தெருவில் ஏழு வீடு பூட்டிக் கிடந்தது. பயிற்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: பூட்டிய வீடு வந்தால் அடுத்த வீட்டை எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கும் அது சௌகரியம்தான், நடை மிச்சம். ஏழாவது பூட்டைத் தாண்டும்போது அதே ஆயா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அது துபாய்க்காரன் ஊடு கண்ணு. அவன் போயி ரெண்டு வருசம் ஆவுது. பொண்டாட்டி புள்ளைய இட்டுக்கினு அவ அண்ணன் ஊட்டுக்கு ஓசூருக்குப் போயிட்டா."

ஆய்வு தேடுவதே வெளிநாடு போனவரை. அவர் இந்தப் பூட்டுக்குப் பின்னால் இருக்கிறார். மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். "வீட்டுல ஆள் இருந்து பதில் சொன்னாதான் தம்பி செல்லும். நீங்க அடுத்த வீட்டுக்குப் போங்க" என்றார். அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற வாத்தியார். வெளிநாட்டில் யாரும் இல்லை. பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது, மோரும் கொடுத்தார்.

நிபுணர்களைக் கிண்டல் பண்ண இதை எழுதவில்லை. இந்தத் துறையில் உழைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. திருவனந்தபுரத்தில் கே.சி. சக்கரியாவும் இருதய ராஜனும் 1998-ல் வீடு வீடாகப் போய் ஆரம்பித்த கணக்கெடுப்பைத்தான் ஏறக்குறைய அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்கிறார்கள். வளைகுடாப் பணத்தைப் பற்றி கேரளா இன்று ஆதாரத்தோடு பேசுகிறதென்றால் அந்த உழைப்பால்தான். நமக்கு அதே மாதிரி ஒன்று 2015-ல் தான் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வெளிநாட்டில் இருப்பவர்கள் சுமார் 22 லட்சம் என்றும், சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும்தான் முன்வரிசை என்றும் அதில்தான் ஒரு தெளிவு கிடைத்தது. ஆனால் வீட்டில் மிச்சம் இருப்பவரிடம் போனவரைப் பற்றிக் கேட்பது என்கிற முறையில், மிச்சம் யாருமே இல்லாத வீடு நழுவிப் போகும். நிபுணர்களுக்கே தெரிந்த ஓட்டைதான். என் ஆதங்கமெல்லாம், மற்ற ஊரில் அது ஊசித் துளையாக இருக்கலாம், தருமபுரியில் அது வாசல்.

வெளிநாடு என்றதும் ராமநாதபுரம், தஞ்சாவூர், கடலூர் என்றுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். எங்களை பெங்களூருக்கு ஆள் அனுப்புகிற மாவட்டம் என்று தனியாக ஒதுக்கிவிடுவார்கள். உள்நாட்டு இடப்பெயர்வுக்கு ஒரு நிபுணர், வெளிநாட்டுக்கு வேறு நிபுணர். ஆனால் அந்த துபாய்க்காரர் போன வழி என்ன தெரியுமா? முதலில் பெங்களூரில் கம்பி கட்டினார். அங்கே மேஸ்திரி மூலமாக ஏஜென்ட், ஏஜென்ட் மூலமாக துபாய். லண்டனில் உட்கார்ந்து ராவென்ஸ்டீன் என்கிற புவியியல் அறிஞர் 1885-லேயே எழுதிவைத்த விதிதான் இது: மனிதர்கள் பெரும்பாலும் கிட்டத்தில்தான் போவார்கள், தூரம் போகிறவர்களும் படிப்படியாகத்தான் போவார்கள். (அவரே பிராங்க்பர்ட்டில் பிறந்து இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனவர். கிட்டத்து இடப்பெயர்வில் பெண்களே அதிகம் என்றும் சொன்னார். நம் மக்கள்தொகைக் கணக்குப்படி, காரிமங்கலத்தில் பிறந்து பாப்பாரப்பட்டிக்கு வாழ்க்கைப்பட்ட என் அம்மாவும் இடம்பெயர்ந்தவர்தான். சொன்னால் சிரிக்கிறார்.)

சரி, எங்கள் கணக்கெடுப்பில் விட்டுப்போன அந்த மனிதர் வேறு எந்த ஏட்டிலாவது இருப்பாரா? பத்தாவது தேறாதவர், ஆகவே 'இசிஆர்', அதாவது குடிபெயர்வு அனுமதி தேவை என்கிற வகைப் பாஸ்போர்ட். 1983 குடிபெயர்வுச் சட்டப்படி, அந்த வகைப் பாஸ்போர்ட்டோடு 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வாங்க வேண்டும். அமீரகமும் அதில் ஒன்று. ஏஜென்ட் அவரை விசிட் விசாவில் அனுப்பிவிட்டு, அங்கே போன பிறகு வேலை விசாவாக மாற்றியிருக்கிறார். ஆகவே அனுமதிக் கணக்கிலும் அவர் இல்லை. பத்தாவது தேறியிருந்தால் அந்த அனுமதியே தேவையில்லை, அப்போதும் அந்தக் கணக்கில் வரமாட்டார். மக்கள்தொகைக் கணக்கு? 2011-ல் எடுத்ததன் இடப்பெயர்வு அட்டவணைகள் முழுசாக வெளிவரவே 2019 ஆகிவிட்டது. 2021 கணக்கு நடக்கவே இல்லை, அடுத்தது 2027. மிஞ்சியது ஐ.நா. கணக்கு. 2024-ல் உலகத்தில் 30 கோடியே 40 லட்சம் பேர் பிறந்த நாட்டை விட்டு வெளியே வாழ்கிறார்கள் என்கிறது. போய்ச்சேர்ந்த நாடுகளின் புள்ளிவிவரத்தை வைத்துத்தான் அதைப் பெரும்பாலும் போடுகிறார்கள். அதில் நம்ம ஆள் ஒரு இந்தியர், அவ்வளவுதான். பென்னாகரம் என்று எங்கேயும் இருக்காது.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டக் கப்பலேற்றினார்களே, அந்தப் பட்டியலில் அப்பா பெயர், வயது, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் எழுதியிருக்கிறது. ஆள் ஓடிப்போனால் பிடிக்கத்தான் அந்த அக்கறை. ஆனாலும் சுமார் 1,52,000 பேருக்கு ஊர் பெயர் மிஞ்சியது. ஃபிஜிக்குப் போன கிர்மிட் (ஒப்பந்த) கூலி ஒருவரின் பேரனான வரலாற்று ஆசிரியர் பிரிஜ் லால், அந்தத் தீவுக்குக் கல்கத்தாவில் கப்பலேறிய 45,000-க்கும் மேற்பட்டவர்களின் சீட்டுகளை உட்கார்ந்து அலசினார். அந்த ஆய்வில் மதராஸில் ஏறியவர்கள் இல்லை. அங்கேயும் நாம் அடுத்த கட்டுரைக்கு ஒதுக்கப்பட்டவர்கள்!

இலங்கை விஷயம் இன்னும் மோசம். 1965 வரைக்கும் நாங்கள் சேலம் ஜில்லா. திருச்சி, மதுரையோடு சேலமும்தான் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கொடுத்தது. ஆள் பிடிக்கிற கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனான், நேட்டால் மாதிரி ஆளுக்கொரு வரி எழுதிவைக்கவில்லை. தோட்டம் மாறும்போது கடனை எழுதிக் கையில் கொடுத்த 'துண்டு' முறையை 1921-ல் ஒழித்தார்கள். இன்று மேஸ்திரி கொடுக்கிற அட்வான்ஸைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் துண்டுதான் நினைவுக்கு வருகிறது. ஆயாவும் சொன்னார், அவர் பாட்டனுக்கு அண்ணன் கண்டிச்சீமைக்குப் போனவராம். ஆள் திரும்பவில்லை. அதற்கும் என் கேள்வித்தாளில் கட்டம் இல்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால், எனக்குத் தோன்றுவது ரொம்பச் சாதாரணம். பூட்டைத் தாண்டிப் போகாதீர்கள், பூட்டு என்றே எழுதுங்கள். பக்கத்து வீட்டு ஆயாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாத கதை தெருவில் இல்லை. அவர் கொடுக்கிற நம்பருக்குப் போன் போடுங்கள். முக்கியமாக, மே மாசம் கல்லூரி விடுமுறைக்கு வராதீர்கள். பொங்கலுக்கு வாருங்கள், ஆடி 18-க்கு வாருங்கள், ஓட்டுப் போடுகிற அன்றைக்கு வாருங்கள். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பெங்களூரு வண்டியிலிருந்து மூட்டையும் பிள்ளையுமாக இறங்குகிற கூட்டமே பாதி ஆய்வு. உங்களுக்கு விடுமுறை வேண்டும் என்றால், தருமபுரி அரசு கலைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் வேலையைக் கொடுங்கள். அதில் நிறைய பேருக்கு அப்பா அம்மா பெங்களூரில்தான். ஓசூரிலும் இதைச் செய்யலாம். அங்கே வாடகை அறையில் இருக்கிற ஒடிசாக்காரருடைய வீடும் அவர் ஊரில் பூட்டித்தான் கிடக்கும்.

அந்தப் பொங்கலுக்கு நான் சும்மா ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போனேன். ஏழாவது வீடு திறந்திருந்தது. துபாய்க்காரர் மனைவி வாசலில் கோலத்துக்குக் காவி தீட்டிக்கொண்டிருந்தார். பெங்களூரு, மேஸ்திரி, விசிட் விசா, மூணு வட்டிக்கு வாங்கின கடன் எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டைரியில் எழுதிக்கொண்டேன். கேள்வித்தாள் கட்டு, வாத்தியார் வீட்டுப் பதிலோடு, கார்த்திகையிலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

"இத எழுதிக்கினு போனா லோன் ஏதாச்சும் கெடைக்குமாண்ணா?" என்றார்.

"கிடைக்காதும்மா."

"அப்புறம் எதுக்குண்ணா எழுதற?"

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளே போய் ஒரு தட்டில் பொங்கல் கொண்டுவந்து வைத்தார்.