மேரி இங்கல்ஸ் பற்றி ஒரு திருத்தம்

‘லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வருபவை யாவும் இங்கல்ஸ் குடும்பத்தில் அப்படியே நடந்தவை என்றும், பார்வை இழந்த மேரி ஓர் ஆசிரியரை மணந்து பள்ளி நடத்தியது அவருடைய இறைவிசுவாசத்துக்குச் சான்று என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியன்று. 1974 முதல் 1983 வரை ஒளிபரப்பான அத்தொடர் மேரியின் தங்கை லாரா இங்கல்ஸ் வைல்டரின் நூல்களைத் தழுவியதே தவிர, குடும்ப வரலாறு அன்று. அதில் வரும் வளர்ப்பு மகன் ஆல்பர்ட் முழுக்கக் கற்பனைப் பாத்திரம்.

மேரி 1879இல், 14 வயதில் பார்வையை இழந்தது உண்மை. ஆனால் அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை. அயோவா மாநிலத்தின் பார்வையற்றோர் கல்லூரியில் படித்து 1889இல் குடும்பம் வாழ்ந்த டி ஸ்மெட் ஊருக்குத் திரும்பி, பெற்றோருடன் வாழ்ந்து, குதிரைகளை ஈக்கள் மொய்க்காமல் காக்கும் வலைகளைக் கையால் பின்னி விற்றுக் குடும்பத்துக்கு உதவினார். கண் தெரியாத ஒரு பெண் முடிச்சு முடிச்சாகப் பின்னிய அந்த வலைகளை மறைத்துவிட்டு, எழுத்தாளர்கள் புனைந்த திருமணத்தைச் சான்றாகக் காட்டுவது அவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

அவருடைய தம்பியின் மரணத்திலும் தொடர் உண்மையோடு புனைவைக் கலந்தது. குழந்தை ஃப்ரெடி ஒன்பது மாதத்தில், 1876 ஆகஸ்டில் இறந்தது நிஜம். வெட்டுக்கிளிகள் விளைச்சலை அழித்ததால் மினசோட்டாவின் வால்நட் குரோவைவிட்டு அயோவாவுக்குப் புறப்பட்ட காலத்தில் அது நேர்ந்தது. தம்பிக்காக லாரா மலையேறிச் செபிக்கும் காட்சி தொடருக்காக எழுதப்பட்டது. வால்நட் குரோவைச் சுற்றி இருப்பது சமவெளிதான்.