மால்டாக்காரர்களா, ஸ்லோவீனியர்களா: யார் முன்னேறினார்கள் என்று கேட்கும் முன்

2020 பிப்ரவரி, லாஸ் வேகஸ். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர்கள் மோதிக்கொண்ட விவாத மேடை. அதற்குச் சில நாள் முன்பு ஒரு பேட்டியில் மெக்சிகோ அதிபரின் பெயர் ஏமி குளோபுஷருக்கு நினைவுக்கு வரவில்லை. அதை வைத்து பீட் பூட்டிஜெஜ் மேடையிலேயே அவரைச் சீண்ட, அந்த அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்து, என்னை முட்டாள் என்கிறாயா, கேலி செய்கிறாயா என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். மறுநாள் எல்லாரும் வயது, அனுபவம், ஆணவம் என்று அலசித் தீர்த்தார்கள். எனக்கு வேறொன்று வேடிக்கையாகப் பட்டது. அந்த அம்மா அப்பா வழியில் ஸ்லோவீனியர். இந்த ஆள் அப்பா வழியில் மால்டாக்காரர். ஒன்று ஆல்ப்ஸ் மலை ஓரத்தில் 20 லட்சம் பேர் இருக்கிற நாடு, இன்னொன்று மத்தியதரைக் கடலில் 5 லட்சம் பேர் நெருக்கியடித்து வாழ்கிற தீவு. உலக வரைபடத்தில் தேடினால்தான் கிடைக்கும் இந்த இரண்டு ஊர்க்காரர்களின் பிள்ளைகள் வெள்ளை மாளிகைக்குப் போட்டி போட்டுக்கொண்டு நின்றார்கள்.

இப்படி ஒரு காட்சி கிடைத்தால் நம் ஆட்கள் உடனே ஒரு பட்டியல் போட்டுவிடுவார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள், யார் படித்தார்கள், யார் 'கலாசாரம்' உசத்தி. குடியேறிகள் பற்றிய பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் இந்த ரேங்க் கார்டில்தான் வந்து முடிகிறது. எனக்கு அந்தப் பட்டியலே பிடிக்காது. ஏன் என்பதைச் சொல்ல இந்த இரண்டு சமூகங்களைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதலில் அந்த இருவரையே எடுத்துக்கொள்வோம். குளோபுஷரின் தாத்தா மினசோட்டாவில் ஈலி என்ற ஊரில் இரும்புச் சுரங்கத் தொழிலாளி. தரைக்குக் கீழே 1,500 அடியில் வேலை. மகனைக் கல்லூரிக்கு அனுப்ப வீட்டின் அடித்தளத்தில் ஒரு காபி டப்பாவில் காசு சேர்த்தார் என்று பேத்தி போகிற இடமெல்லாம் சொல்வார். அந்த மகன் பத்திரிகையாளர் ஆனார், பேத்தி செனட்டர் ஆனார். சுரங்கத்திலிருந்து செனட்டுக்கு மூன்று தலைமுறை. பூட்டிஜெஜ் கதையில் இந்த ஏணியே கிடையாது. அப்பா மால்டாவிலிருந்து மேல்படிப்புக்காக வந்து நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர், இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சியின் சிறைக் குறிப்பேடுகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். பையன் ஹார்வர்ட். ஒரே தலைமுறை. இதைப் பார்த்து மால்டாக்காரர்கள் ஸ்லோவீனியர்களைவிட வேகமாக முன்னேறுகிறார்கள் என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்கள்தானே? ஒருவர் குடும்பம் மண்வெட்டியோடு வந்தது, இன்னொருவர் குடும்பம் புத்தகத்தோடு வந்தது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒரு முழுச் சமூகத்தைப் பற்றி இதே தப்பைச் செய்தால் அதற்குப் பெயர் ஆய்வு.

அமெரிக்காவில் ஸ்லோவீனியர்கள் சீக்கிரம் வந்தவர்கள், கூட்டமாக வந்தவர்கள். 1910 கணக்கெடுப்பிலேயே ஸ்லோவீனிய மொழிக் குடும்பத்தார் 1,80,000-க்கு மேல். கிளீவ்லாந்தில் செயின்ட் கிளேர் அவென்யூவைச் சுற்றி ஒரு குட்டி ஊரே இருந்தது. தேவாலயம், கடை, பத்திரிகை, அப்புறம் 1924-ல் பெரிதாக ஒரு தேசிய மன்றக் கட்டடம். வேலைக்குப் போனவன் சுரங்கத்திலோ உருக்காலையிலோ செத்தால் குடும்பத்துக்குப் பணம் கொடுக்க 1894-லேயே சிகாகோவுக்குப் பக்கத்தில் ஜோலியட்டில் கத்தோலிக்கர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். அதில் ஒட்டாதவர்கள் 1904-ல் சிகாகோவில் இன்னொன்று வைத்தார்கள். இரண்டும் இன்றும் இருக்கின்றன. கிளீவ்லாந்தின் அந்த செயின்ட் கிளேர் பக்கத்திலிருந்துதான் பிராங்க் லௌஷே வந்தார். கிளீவ்லாந்து மேயர், ஒஹையோவுக்கு ஐந்து முறை ஆளுநர், பிறகு செனட்டர். அந்த வட்டாரத்தில் யூக்ளிட் என்ற புறநகரில் பிறந்த ஒருவரை நமக்கெல்லாம் நன்றாகத் தெரியும், சுனிதா வில்லியம்ஸ். அப்பா குஜராத்தி என்பதை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம். அம்மா ஸ்லோவீனிய வம்சாவளி. சமோசாவோடு ஸ்லோவீனியத் தொத்திறைச்சியையும் விண்வெளிக்குக் கொண்டுபோனவர் அவர், அந்த ஊர்க்காரர்கள் இதை இன்னும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள்.

மால்டாக்காரர்கள் அமெரிக்காவுக்குக் கொஞ்சம் பேர்தான் போனார்கள். முதல் உலகப் போர் முடிந்து கப்பல் பட்டறையில் ஆட்குறைப்பு வந்தபோது டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளைத் தேடிப் போனவர்கள், அதிலும் பலர் காசு சேர்த்துத் திரும்பிவிட்டார்கள். இன்று தங்களை மால்டா வம்சாவளி என்று சொல்லிக்கொள்பவர்கள் அங்கே 40,000 அளவில் இருக்கலாம். வருமானக் கணக்கைப் பார்த்தால் இரு தரப்பு வீடுகளும் நாட்டுச் சராசரிக்கு மேலேதான். ஆனால் நாலாவது தலைமுறையில் படிவத்தில் 'ஸ்லோவீனியர்' என்று எழுதுகிறவர் யார்? பாட்டியின் ஊரை ஞாபகம் வைத்து, அதை எழுத வேண்டும் என்று நினைக்கிறவர். மற்றவர்கள், அந்த ஊர் அந்தந்தக் காலத்தில் எந்த நாட்டுக்குள் இருந்ததோ அதைப் பார்த்து ஆஸ்திரியர் என்றோ, யூகோஸ்லாவியர் என்றோ, வெறுமனே அமெரிக்கர் என்றோ போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அமெரிக்கக் குடிவரவுத் துறையே ஒரு காலத்தில் 'குரோவேஷியர் மற்றும் ஸ்லோவீனியர்' என்று ஒரே பெட்டியில்தான் இவர்களைப் போட்டது. மறந்தவர்களை விட்டுவிட்டு நினைவு வைத்திருப்பவர்களை மட்டும் எண்ணி ஒரு சமூகத்தின் வருமானம் என்கிறோம்.

சரி, இரண்டு பேரையும் நியாயமாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாதான். நான் இருப்பது மெல்போர்னின் மேற்குப் பக்கம், அதனால் எனக்கு இதில் கொஞ்சம் பாசமும் உண்டு, பாரபட்சமும் இருக்கலாம்.

இங்கே கணக்கு தலைகீழ். 2021 கணக்கெடுப்பில் மால்டா வம்சாவளியினர் கிட்டத்தட்ட 2 லட்சம். ஸ்லோவீனியர்கள் 20,000 அளவுதான். மால்டாவுக்கு வெளியே மால்டாக்காரர்கள் அதிகம் இருக்கிற நாடு இதுதான். ஆனால் அவர்களை இந்த நாடு வரவேற்ற அழகு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் அவர்களின் 'நிலை' பற்றிப் பேசவே கூடாது.

1916. கட்டாய ராணுவச் சேவை வேண்டுமா என்று ஆஸ்திரேலியா முழுக்க வாக்கெடுப்பு நடக்கிற நேரம். நம் ஆண்களைப் போருக்கு அனுப்பிவிட்டு அந்த வேலைக்கு வெளியிலிருந்து மலிவான ஆட்களை இறக்கப்போகிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் கத்திக்கொண்டிருக்கும்போது, கான்ஜ் என்ற பிரெஞ்சுக் கப்பல் 214 மால்டா ஆண்களோடு வந்து சேர்கிறது. பிரதமர் பில்லி ஹியூஸுக்கு வியர்த்துவிட்டது. மால்டா அப்போது பிரிட்டிஷ் காலனி, அவர்களோ பிரிட்டிஷ் பிரஜைகள், சட்டப்படி தடுக்க வழியில்லை. அதனால் என்ன செய்தார்கள்? வெள்ளையர் அல்லாதவர்களை வடிகட்ட வைத்திருந்த டிக்டேஷன் தேர்வை எடுத்தார்கள். எந்த ஐரோப்பிய மொழியில் வேண்டுமானாலும் சொல்லி எழுதவைக்கலாம் என்று சட்டம். மால்டாக்காரனுக்கு டச்சு மொழியில் வைத்தார்கள். அத்தனை பேரும் பெயில். கப்பலோடு நியூ கலிடோனியாவுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் சிட்னிக்குக் கொண்டுவந்து ஒரு பழைய கப்பலில் அடைத்துவைத்து, 1917-ல்தான் கரையில் காலெடுத்துவைக்க விட்டார்கள். இதில் கொடுமை என்னவென்றால், முந்தின வருஷம்தான் துருக்கியின் கலிப்போலிப் போர்முனையில் அடிபட்ட ஆஸ்திரேலியச் சிப்பாய்களை மால்டா ஆஸ்பத்திரிகளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1920-களில் மால்டாவிலிருந்து வருஷத்துக்கு 260 பேர்தான் வரலாம் என்று உச்சவரம்பு வேறு.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஆள் தேவைப்பட்டது, 1948-ல் பயணச் செலவில் உதவி செய்யும் ஒப்பந்தம் வந்தது, கதவு திறந்தது. 1954-ல் மட்டும் அந்தச் சின்னத் தீவிலிருந்து 11,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள், அதில் பெரும்பங்கு ஆஸ்திரேலியாவுக்கு. வந்தவர்கள் கையில் என்ன இருந்தது? படிப்பு இல்லை. மால்டாவில் தொடக்கக் கல்வி எல்லாருக்கும் கட்டாயம் என்று ஆனதே 1946-ல்தான். அதுவரை படித்தவர்கள் இத்தாலியனா ஆங்கிலமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், சனங்கள் வீட்டில் பேசிய மால்டீஸ் மொழிக்கு 1934 வரை அரசாங்கத்தில் இடமே இல்லை. வயலிலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்த குடும்பங்கள்தான் கப்பல் ஏறின.

ஸ்லோவீனியனின் கதையில் இந்த இடம் வேறு. அவர்கள் ஊரை அப்போது ஆண்ட ஆஸ்திரியப் பேரரசு 1869-லேயே பள்ளிக்கூடத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. கிராமத்து விவசாயி வீட்டுக்கு வருஷா வருஷம் சொந்த மொழியில் மலிவுப் புத்தகங்கள் அனுப்புகிற கத்தோலிக்கப் பதிப்பகம் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஏழைதான், ஆனால் எழுத்துத் தெரிந்த ஏழை. போருக்குப் பிறகு ஆஸ்திரேலியா வந்தவர்களில் ஒரு பகுதி அகதி முகாம்களிலிருந்து வந்தவர்கள். அப்புறம் 1950-களில் யூகோஸ்லாவிய எல்லையை ராத்திரியில் தாண்டி ஆஸ்திரியாவிலோ இத்தாலியிலோ முகாமில் கிடந்து வந்த இளைஞர்கள், பலர் கையில் ஒரு தொழிலோடு. அதில் கணிசமான பேர் ஸ்னோயி மலை மின்திட்டத்தில் சுரங்கம் குடைந்தார்கள். இங்கே அவர்களுக்கு டச்சுத் தேர்வு வைக்கவில்லை. பெயரை உச்சரிக்கத் தெரியாமல் திணறினார்களே தவிர நிறத்தைச் சந்தேகிக்கவில்லை.

பள்ளிக்கூடம் கட்டாயமானதில் இருந்த இந்தக் கிட்டத்தட்ட 80 வருஷ வித்தியாசத்தை வைத்துக்கொண்டுதான், மால்டாக் குடும்பங்களில் பட்டதாரிகள் ஏன் குறைவு என்று பிறகு ஒரு தலைமுறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிரேக்கர்களின் பிள்ளைகள் டாக்டர், வக்கீல் ஆனார்கள், இவர்கள் ஏன் 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு பிளம்பர் வேலை கற்றுக்கொள்ளப் போனார்கள் என்று. நக்கல்கள் வேறு. மேற்குப் புறநகர், சத்தம் போடுகிற கார், தங்கச் செயின் என்று மால்டா ஜோக்குகள் இங்கே ஒரு காலத்தில் சர்வசாதாரணம்.

பள்ளிக்கூடத்தின் மேல் நம்பிக்கை வைத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1950-க்கும் 1965-க்கும் இடையில் 310 குழந்தைகளை மால்டாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு, பெரும்பாலும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு, அனுப்பினார்கள். நல்ல படிப்பு கிடைக்கும் என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினார்கள். பல பையன்கள் பின்டூன், டார்டன் போன்ற கிறிஸ்தவ சகோதரர்களின் நிறுவனங்களில் கல் சுமந்து கட்டடம் கட்டினார்கள், வயலில் உழைத்தார்கள், அடி வாங்கினார்கள், அதற்கு மேலும் நடந்தது. 2009 நவம்பரில் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டபோது அவர்களில் பலருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. இவர்களின் படிப்பறிவை எந்தச் சராசரியில் சேர்ப்பது?

ஆனால் பாவப்பட்ட மால்டாக்காரன் என்று முடித்துவிட்டால் அதுவும் பொய். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் பையனாக இருக்கும்போது வந்தவர். ஆயுசு முழுக்கத் தொழிற்சாலை. வீட்டுக்குக் கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. உள்ளே இருக்கிற நல்ல சமையலறையைத் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டு, கராஜில் ஒரு இரண்டாவது அடுப்பு போட்டு அங்கேதான் நிஜ சமையல் எல்லாம். பின்பக்கம் அத்தி மரம், வேலியோரம் பாத்தி பிடித்து மொச்சை மாதிரி ஒரு பயறு, சீசனில் எங்களுக்கும் ஒரு பை நிறைய வரும். மகன் எலக்ட்ரீஷியன், சொந்த வேன், நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். பேத்தி யூனிவர்சிட்டியில். பட்டம் வைத்து அளந்தால் இந்த வீடு பின்தங்கிய வீடு. வீட்டுக் கடன் பாக்கியை வைத்து அளந்தால், ஐ.டி.யில் வேலை பார்க்கிற என் நண்பர்களில் பாதிப் பேரைவிட இவர்கள் வசதி. மால்டாவில் பிறந்தவர்களிடம் சொந்த வீடு மிக அதிகம் என்பதைக் கணக்கெடுப்புகளும் தொடர்ந்து சொல்கின்றன. சிட்னியின் மேற்கே கிரேஸ்டேன்ஸ், ஹார்ஸ்லி பார்க் பக்கம் காய்கறியும் கோழியும் வளர்த்துக்கொண்டிருந்த மால்டாக் குடும்பங்களைச் சுற்றி நகரம் வந்து முட்டியபோது, முட்டைக்கோஸ் விளைந்த மண் ஏக்கருக்கு என்ன விலை போயிருக்கும் என்று நீங்களே போட்டுப்பாருங்கள்.

ஸ்லோவீனியர்களைப் பற்றி இங்கே ஜோக்கே கிடையாது. இருப்பது தெரிந்தால்தானே ஜோக். 1991 வரை யூகோஸ்லாவியர் என்ற தலைப்பில் கரைந்துபோனார்கள். மெல்போர்னில் க்யூ என்ற பகுதியில் ஒரு தேவாலயம், எல்தாம் பகுதியில் ஒரு கிளப், அங்கங்கே சிதறிய வீடுகள். பிள்ளைகள் வேறு இனத்தில் கல்யாணம் செய்தார்கள், மொழி சீக்கிரம் போய்விட்டது. பொருளாதாரத்தில் குறைவில்லை. ஆனால் ஒரு எம்.பி. தேர்தலில் இவர்கள் ஓட்டு யாருக்கும் தேவைப்படவில்லை. மேற்குப் புறநகர்களில் மால்டாக்காரர்களின் ஓட்டு தேவைப்பட்டது. இதில் யார் நிலை உயர்வு? கூட்டமாக வாழ்ந்து கேலியும் வாங்கி, கவுன்சிலிலும் சட்டமன்றத்திலும் ஆள் வைத்திருப்பதா, அல்லது யாருக்கும் தெரியாமல் சௌகரியமாகக் காணாமல் போவதா? எனக்கு முதலாவதுதான் பிடிக்கிறது. பிடிக்காதவர்கள் கீழே வந்து திட்டலாம்.

இப்போது கதை இன்னொரு சுற்று வந்திருக்கிறது. இரண்டு நாடுகளும் 2004 மே 1 அன்று ஒரே நாளில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. 2007-ல் மால்டா சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டில் பிறந்த பேரன் பேத்திகளுக்கும் குடியுரிமை கோர வழி செய்தது. ஆங்கிலம் தவிர வேறொன்றும் தெரியாத ஆஸ்திரேலியப் பையன்கள் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து மால்டா பாஸ்போர்ட் வாங்கி பெர்லினில் வேலை பார்க்கிறார்கள். அதே மால்டாவில் இன்று ஆள் பற்றாக்குறை. உணவு டெலிவரி செய்வதும் ஆஸ்பத்திரியில் வார்டு பார்ப்பதும் பிலிப்பைன்ஸ்காரர்களும் நேபாளிகளும் நம் ஊர்ப் பிள்ளைகளும். ஒரே அறையில் பலர் தங்கி, ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டி, பெர்மிட் புதுப்பிக்கிற தேதியை எண்ணிக்கொண்டு இருக்கிறார்கள். எத்தனை வருஷம் உழைத்தாலும் அவர்களுக்குக் குடியுரிமை அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.