ஓசூர் சந்தைக் கருப்புத் திராட்சை வேறு, கேபர்னே சாவிஞான் வேறு

கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "ஓசூர் சந்தையில் விற்கும் கருப்புத் திராட்சைதான் கேபர்னே சாவிஞான். நசுக்கினால் சாறு சிவப்பாக வராவிட்டால் சாயம் ஏற்றிய பழம். அதன் ஒயின் காரக்குழம்பின் எரிச்சலை அடக்கும்." மூன்றுமே தவறு. கேபர்னே சாவிஞான் என்பது சிவப்பு ஒயின் செய்யும் திராட்சை ரகம்.

இந்தப் பக்கத்துச் சந்தைகளுக்கு வரும் கருப்புத் திராட்சை பெரும்பாலும் பெங்களூர் புளூ என்ற ரகம். அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. சென்னையில் உள்ள பதிவகத்தின் இணையதளப் பட்டியலில் பார்க்கலாம். ஒரு பழத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். தோல் கையிலேயே நிற்கும், சதை முழுசாக வழுக்கி வெளியே வரும். கேபர்னேயில் அப்படி நழுவாது. அது பிரான்சின் போர்தோ பகுதியில் பிறந்த ரகம். கேபர்னே பிராங்க், சாவிஞான் பிளாங்க் என்ற இரண்டு திராட்சை ரகங்கள் கலந்து வந்தது என்பதை 1997-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் மரபணுச் சோதனையில் காட்டினார்கள். பழம் சிறிது, தோல் தடிப்பு, துவர்ப்பு அதிகம்.

சாறு விஷயம்: இரண்டிலுமே சதைக்கு நிறம் கிடையாது. ஒயினுக்குச் சிவப்பு, தோலோடு ஊறுவதால் வருகிறது. வெளுத்த சாற்றைப் பார்த்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், பாவம்.

உணவில் கேபர்னே ஒயின் கொழுப்புள்ள ஆட்டுக்கறி வறுவலுக்குப் பொருந்தும். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை மென்மையாக்கும். மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் எரிச்சல் கூடத்தான் செய்யும். அதற்கு மோர் போதும்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.